இரண்டும் கெட்டானா?

நாவல் எழுதுகிறவனுக்கு ராணுவ விமானத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகப் புஸ்தகத்தைப் புரட்டியதோடு என்னுடைய விஞ்ஞானப் படிப்பு முற்றுப் பெற்று விட்டது. ஆனால் விமரிசனம் என்ற காரியம் கதைக்கும் கவிதைக்கும் மட்டுமே சொந்தம் என்று யாரும் பட்டா எழுதிக் கொடுத்து விடவில்லை. சங்கீதக் கச்சேரியை விமரிசனம் செய்கிறோம். கல்யாண வீட்டுச் சாம்பாரைக்கூட விட்டு வைப்பதில்லை. யந்திரமும் மனிதன் மனத்தில் பிறந்து கை வழியாக வெளிவந்த சிருஷ்டிதானே? அதற்கும் ஒரு கரு உண்டு. கட்டுக்கோப்பு உண்டு. கட்டுக்கோப்பில் ஓட்டை உண்டு. ஓட்டைக்கு அதன் கர்த்தாக்கள் சொல்லும் சமாதானமும் உண்டு.

ஆகவே ஒரு நாவலைக் கையில் எடுத்துக் கொண்டு நான் என்ன கேட்பேனோ, அதையே இந்த விமானத்தைப் பார்த்தும் கேட்கப் போகிறேன். ஆசிரியர் எதைச் செய்ய ஆசைப்பட்டார்? அதைச் செய்து காட்டினாரா? செய்ததற்கு என்ன விலை ஆயிற்று, அந்த விலையை யார் தலையில் கட்டினார்? இந்த மூன்றாவது கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

விமானத்தின் பெயர் வி-22 ஆஸ்ப்ரே. அமெரிக்காவில் பெல், போயிங் என்ற இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து உருவாக்கியது. டில்ட் ரோட்டார் என்ற ஜாதி. அந்த ஜாதியின் லட்சணத்தைப் புரிந்து கொள்ள முதலில் ஹெலிகாப்டரின் குறை என்னவென்று பார்க்க வேண்டும்.

ஹெலிகாப்டர் நின்ற இடத்திலிருந்து எழும்பும். நினைத்த இடத்தில் இறங்கும். அந்தரத்தில் அசையாமல் நிற்கும். ஆனால் ஓட்டத்தில் மந்தம். தலைக்கு மேலே சுழல்கிற அலகுகளில் ஒரு பக்கத்து அலகு காற்றை எதிர்த்து முன்னே போகும்போது மறு பக்கத்து அலகு பின்னே போகிறது. வேகம் கூடக் கூட, பின்னே போகிற அலகுக்குக் காற்றின் பிடி நழுவுகிறது. ஒரு எல்லைக்கு மேல் ஓட்டினால் ஒரு பக்கம் தாங்குதலை இழந்து விடும். ஆகையால் சாதாரண ஹெலிகாப்டர் மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்து விடுகிறது. இறக்கை வைத்த விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு நீளமான ஓடுபாதை வேண்டும். பாலைவனத்தின் நடுவிலும் கப்பலின் மேல்தட்டிலும் ஓடுபாதைக்கு எங்கே போவது?

இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன? இறக்கையின் இரு முனைகளிலும் இரண்டு பெரிய சுழலிகளை வைத்து விடுவது. அவை மேல் நோக்கி நின்றால் ஹெலிகாப்டர். உயரே எழும்பியதும் அவற்றை எஞ்சினோடு சேர்த்து முன்பக்கமாகச் சாய்த்து விட்டால் விமானம். சாய்வதற்கு ஆகும் நேரம் சுமார் 12 வினாடி. கதையின் கரு என்ற அளவில் இதைவிட அழகான கருவை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கரு இன்று நேற்றுத் தோன்றியதல்ல. பெல் கம்பெனியின் எக்ஸ்வி-3 என்ற சோதனை விமானம் 1955-ல் பறந்தது. 1958 டிசம்பரில் சுழலியை முழுவதும் சாய்த்துக் காட்டியது. அதற்குப் பின் வந்த எக்ஸ்வி-15 1977-ல் பறந்து, 1981-ல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. ஆனால் கரு மட்டும் இருந்தால் போதாது. அதை எழுதியே தீர வேண்டும் என்கிற ஒரு நிர்ப்பந்தமும் வேண்டும் அல்லவா? அந்த நிர்ப்பந்தம் 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் பிறந்தது.

டெஹ்ரானில் அடைபட்டுக் கிடந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்பதற்காக எட்டு ஹெலிகாப்டர்கள் கப்பலிலிருந்து கிளம்பின. ஆறுதான் பாலைவன முகாமுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று பழுது. ஐந்தை வைத்துக் கொண்டு மேலே போக முடியாது என்று காரியத்தைக் கைவிட்டுத் திரும்பும் சமயத்தில், ஒரு ஹெலிகாப்டர் நின்று கொண்டிருந்த விமானத்தின் மேல் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். தொலை தூரம் வேகமாகப் போய், ஓடுபாதை இல்லாத இடத்தில் இறங்கி, ஆட்களை ஏற்றிக் கொண்டு திரும்பும் யந்திரம் ஒன்று இருந்திருந்தால் என்ற ஏக்கம் அந்தப் புழுதியில் எழுந்தது. மறு வருஷமே திட்டம் தொடங்கியது.

ஆக, முதல் கேள்விக்கு விடை கிடைத்து விட்டது. ஆசிரியரின் ஆசை நேர்மையான ஆசை. வெறும் வித்தை காட்டுவதற்காகச் செய்த காரியம் என்று இதைத் தள்ளி விட முடியாது.

இனி இரண்டாவது கேள்வி. செய்து காட்டினாரா?

நம்மிடையே 'இரண்டும் கெட்டான்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. உரைநடையாகவும் இல்லாமல் கவிதையாகவும் இல்லாமல் திண்டாடும் எழுத்தைப் பார்த்து நாம் அப்படிச் சொல்வது வழக்கம். ஆஸ்ப்ரேயைப் பார்த்தும் அநேகர் அதைத்தான் சொன்னார்கள். ஹெலிகாப்டருக்கு வேண்டியது நீளமான அலகு. விமானத்துக்கு வேண்டியது குட்டையான உந்தி. ஆஸ்ப்ரேயின் சுழலிக்கு 38 அடி விட்டம். ஹெலிகாப்டர் என்று பார்த்தால் சின்னது. உந்தி என்று பார்த்தால் ராட்சஸத்தனம். சின்னச் சுழலியால் கனத்த உடலைத் தூக்க வேண்டுமானால் காற்றை அசுர வேகத்தில் கீழே தள்ள வேண்டும். 2010 மே 31-ந் தேதி நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு பூங்காவில் இதைக் கண்காட்சியாக இறக்கினார்கள். காற்றின் வேகத்தில் மரக்கிளைகள் முறிந்து விழுந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பத்துப் பேருக்குக் காயம். பாலைவனத்தில் இறங்கினால் சொந்தப் புழுதியில் சொந்தக் கண்ணையே மறைத்துக் கொள்ளும்.

ஆனாலும் இதை இரண்டும் கெட்டான் என்று நான் சொல்லத் தயாராக இல்லை. மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. 24 வீரர்களை உட்கார்த்தி வைத்துக் கொண்டு போகிறது. எஞ்சின் ஒன்று நின்று விட்டாலும் இறக்கைக்குள்ளே ஓடுகிற நீண்ட தண்டின் மூலம் மற்ற எஞ்சின் இரண்டு சுழலிகளையும் சுற்றும். கப்பலில் இடத்தை அடைக்காமலிருக்க அலகுகளை மடக்கி, இறக்கையையே உடலின் நீளவாக்கில் திருப்பி வைத்துக் கொள்ளும்.

2011 மார்ச்சில் லிபியாவில் ஒரு போர் விமானம் விழுந்தபோது, குதித்துத் தப்பிய பைலட்டைக் கப்பலிலிருந்து போன ஆஸ்ப்ரேதான் தூக்கி வந்தது. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் புயல் சூறையாடிய பிறகு, விமான நிலையமும் சாலையும் உருக்குலைந்த இடங்களுக்கு ஒகினாவாவிலிருந்து இவை நிவாரணச் சாமான் கொண்டு போயின. அதே வருஷம் டிசம்பரில் தெற்கு சூடானில் போர் என்ற ஊரில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்கப் போன மூன்று ஆஸ்ப்ரேக்களைத் தரையிலிருந்து சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. எரிபொருள் ஒழுக, குழாய்கள் பிளக்க, உள்ளே நான்கு பேர் ரத்தம் சிந்திக் கிடக்க, நடுவானிலேயே எண்ணெய் நிரப்பிக் கொண்டு உகாண்டாவின் எண்டெபே வரையில் பறந்து சேர்ந்தன. நால்வரும் பிழைத்தார்கள். மந்தமான ஹெலிகாப்டராக இருந்தால் அந்தத் தூரத்தை அந்த நேரத்தில் கடந்திருக்க முடியாது. இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே இதன் கர்த்தாக்களுக்குக் கைகொடுக்கலாம்.

கருவும் நல்லது, பலித்ததும் உண்டு. பின்னே குறை எங்கே?

இந்த மாதிரிச் சிருஷ்டிகளில் குறை எப்போதும் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் இருக்கும். நரசிம்மம் மனிதனும் சிங்கமும் ஒட்டிய வடிவம். அவதாரம் என்பதால் அங்கே தையல் தெரியவில்லை. மனிதன் ஒட்டும்போது தையல் தெரியாமல் இருக்காது. சுழலியைச் சாய்க்கிற பொறி, இரண்டு சுழலிகளையும் இணைக்கிற தண்டு, தண்டோடு பேசுகிற கிளட்ச், எஞ்சினின் வேகத்தைக் குறைத்துச் சுழலிக்குக் கொடுக்கிற கியர்ப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே பைலட்டின் கையசைவைத் திருத்தி அனுப்புகிற கம்ப்யூட்டர் - இவையெல்லாம் தையல்கள். ஆஸ்ப்ரே விழுந்த கதைகளை வரிசையாகப் படித்தால், அநேகமாக ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தையல் பிரிந்த கதை.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆஸ்ப்ரே என்பது மீன் பிடிக்கும் ஒரு பருந்து வகை. நம் நாட்டு நீர்நிலைகளுக்கும் குளிர்காலத்தில் வருகிற பறவைதான். தமிழில் விராலடிப்பான் என்று பெயர். தண்ணீருக்கு மேலே சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். மீனைக் கண்டதும் கால்களை முன்னே நீட்டிக் கொண்டு கல்லைப் போல் விழும். அந்தரத்தில் நிற்பது, வேகமாகப் பறப்பது ஆகிய இரண்டு குணங்களுக்காக இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். ஆனால் விராலடிப்பானின் மூன்றாவது குணம் இருக்கிறதே, நின்ற இடத்திலிருந்து விர்ரென்று கீழே இறங்குவது, அதை மட்டும் இந்த யந்திரம் செய்யவே கூடாது. செய்தால் என்ன ஆகும் என்பதை 2000 ஏப்ரல் 8-ந் தேதி இரவு அரிஸோனா மாநிலத்தில் மரானா என்ற ஊரில் உலகம் பார்த்தது.

அது ஓர் ஒத்திகை. தூதரகத்தில் சிக்கியவர்களை மீட்பது போல் பாவனை. முன்னே ஒரு ஆஸ்ப்ரே, பின்னே ஒரு ஆஸ்ப்ரே. முன்னதைத் தொடர்ந்து வந்த விமானம் இறங்க வேண்டிய இடத்துக்கு மிக உயரமாக வந்து விட்டது. ஆகவே வேகமாக இறங்கியது. முன்னோக்கிய வேகம் குறைவாயிருக்கும்போது நிமிஷத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது விதி. அது 2,000 அடிக்கு மேல் இறங்கியது. அப்படி இறங்கும்போது சுழலி தான் தள்ளிய காற்றிலேயே தானே சிக்கிக் கொள்ளும். சாதாரண ஹெலிகாப்டருக்கும் இந்த ஆபத்து உண்டு. அது பொத்தென்று கீழே அமிழும். ஆஸ்ப்ரேக்கோ சுழலி இரண்டு, ஒவ்வொன்றும் இறக்கையின் ஒவ்வொரு நுனியில். ஒன்று சிக்கி மற்றொன்று சிக்காமலிருந்தால் யந்திரம் ஒருக்களித்துக் கவிழும். கவிழ்ந்தது. பத்தொன்பது பேர் போனார்கள். பதினைந்து பேர் பின்னால் உட்கார்ந்திருந்த வீரர்கள்.

விசாரணை நடந்தது. பைலட்டுகள் விதியை மீறி இறங்கினார்கள் என்று கண்டார்கள். அந்த ஜூலை மாதம் மரீன் படை வெளியிட்ட செய்தியில், காரியத்தை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று பைலட் காட்டிய வேகமே உயிரைக் குடித்தது என்ற தோரணையில் எழுதினார்கள்.

இங்கேதான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டுக்கோப்பைச் சரியாக அமைக்கத் தெரியாமல் கதை இடறும் போது, பாத்திரத்தின் குணத்தின் மேல் பழியைப் போட்டு விடுவார்கள். "அவன் அவசரக்காரன், அதனால்தான் செத்தான்" என்று ஒரு வரி எழுதி முடித்து விடலாம். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போகிறானா? கதையில் அதைச் செய்தால் வாசகர் புஸ்தகத்தை மூடி வைப்பார், நஷ்டம் அவ்வளவுதான். நிஜத்தில் செய்தால், அந்த ஒரு வரியோடு இரண்டு குடும்பங்கள் ஆயுள் பூராவும் வாழ வேண்டியிருக்கிறது.

விதி இருந்தது என்பது மெய். ஆனால் அந்த விதியை மீறினால் இந்த யந்திரம் இப்படிக் கவிழும் என்பதை அந்த இருவருக்கும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இறங்கும் வேகத்தைச் சோதிப்பதற்காக முதலில் 103 வகைச் சோதனைகள் வகுத்தார்கள். பணத்தையும் காலத்தையும் மிச்சம் பிடிக்க அதை 49-ஆகக் குறைத்தார்கள். உண்மையில் நடத்தியது 33. அமெரிக்க அரசாங்கத் தணிக்கை அலுவலகமே 2001-ல் எடுத்துச் சொன்ன கணக்கு இது. எழுதாமல் விட்ட எழுபது பக்கங்களின் ஓட்டையில் பாத்திரம் விழுந்து சாகிறது. கர்த்தா பாத்திரத்தைப் பார்த்து விரலை நீட்டுகிறார். மரானாவுக்குப் பிறகு மீதிச் சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். ஆபத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தது. பைலட்டை எச்சரிக்க விளக்கும் குரலும் வைத்தார்கள். சுழலியைச் சற்றே முன்னே சாய்த்தால் தப்பி விடலாம் என்பதையும் அப்போதுதான் நன்றாக அறிந்து கொண்டார்கள். பத்தொன்பது பேர் போன பிறகு.

அந்த இரண்டு பைலட்டுகளின் மனைவிமார் சும்மா இருக்கவில்லை. கணவர்கள் பெயரில் விழுந்த கறையைத் துடைக்க வேண்டும் என்று வருஷக் கணக்காக வாதாடினார்கள். வட கரோலினாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் வால்டர் ஜோன்ஸ் அவர்களுக்குத் துணை நின்று, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, சபையில் பேச்சுக்கு மேல் பேச்சுப் பேசினார். கடைசியில் 2016-ல் ராணுவத் துணை மந்திரியாக இருந்த ராபர்ட் வொர்க், பைலட்டின் அவசரமே காரணம் என்று சொன்னது சரியல்ல, அந்த விமானத்தை வளர்த்த விதத்திலும் சோதித்த விதத்திலும் குறைகள் இருந்தன என்று எழுத்து மூலம் ஒப்புக் கொண்டார். ஒரு வரியைத் திருத்தப் பதினாறு வருஷம்! எந்தப் பதிப்பகத்திலும் அச்சுப் பிழை திருத்த இவ்வளவு காலம் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மரானாவுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1989-ல் முதல் பறப்பு. 1991-ல் கம்பிகளை மாற்றி இணைத்ததால் ஒன்று விழுந்தது. உயிர்ச் சேதம் இல்லை. 1992 ஜூலையில் பொட்டோமாக் நதியில் ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மரானா நடந்த அதே 2000-ம் வருஷம் டிசம்பரில் வட கரோலினாவில் ஒன்று விழுந்து நால்வர் இறந்தார்கள். அந்தச் சம்பவம் படிக்கும்போது நெஞ்சை அடைக்கிறது. கம்பிக் கற்றை உராய்ந்து உராய்ந்து ஹைட்ராலிக் குழாய் தேய்ந்து பிளந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அப்படி எரிந்தால் இன்ன பொத்தானை அழுத்து என்று கைப்புத்தகம் சொல்கிறது. பைலட் அழுத்தினார். கம்ப்யூட்டர் நிரலில் பிழை. அழுத்தும் ஒவ்வொரு தரமும் விமானம் தடுமாறியது. திரும்பத் திரும்ப அழுத்தினார். புத்தகத்தில் எழுதியிருந்தபடி நடந்ததே அவருக்கு எமனாயிற்று. மரானாவில் புத்தகத்தை மீறியவர்கள் மேல் பழி. இங்கே புத்தகத்தைப் பின்பற்றியவருக்கு அதே கதி.

இவ்வளவுக்கும் பிறகு இந்த யந்திரம் எப்படி உயிரோடு இருந்தது என்று கேட்கலாம். அது வேறு ஒரு ரகசியம். ராணுவ மந்திரியாக இருந்த டிக் செனி, விலை அதிகம் என்று 1989 முதல் இதைக் கைவிடப் பார்த்தார், காங்கிரஸ் விடவில்லை. இதன் உறுப்புகள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தயாராயின. தன் தொகுதியில் நட்டு செய்கிற தொழிற்சாலையை மூட எந்த அங்கத்தினர் கை தூக்குவார்? 2007-ல் ஈராக் போருக்கு அனுப்பினார்கள். அங்கே போன மூன்று படைப்பிரிவுகளிலும் காரியத்துக்குத் தயாராக நின்ற விமானங்கள் நூற்றுக்கு 57 முதல் 68 வரைதான், எதிர்பார்த்தது 82. எஞ்சின் 500 மணி நேரமாவது உழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள், 400-ஐக்கூட எட்டவில்லை.

பிறகு கிளட்ச் என்ற தையல். எஞ்சினுக்கும் சுழலிக்கும் நடுவிலுள்ள கிளட்ச் ஒரு கணம் வழுக்கி, மறுகணம் முரட்டுத்தனமாகப் பிடித்துக் கொள்ளும். இப்படி ஒரு நோய் இருப்பது 2010 முதலே தெரிந்த சங்கதி. 2022 ஜூனில் கலிபோர்னியாவில் அதனாலேயே ஐந்து பேர் மாண்டார்கள். விசாரணை அறிக்கை அந்தத் தரம் விமானிகள் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதை ஒரு முன்னேற்றம் என்றே குறித்துக் கொள்ள வேண்டும்.

ஆனால் அடுத்த வருஷம் பழைய குரல் திரும்பி வந்தது. 2023 நவம்பர் 29-ந் தேதி ஜப்பானில் யாகுஷிமா தீவின் கரைக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்ப்ரே கடலில் விழுந்தது. எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் போனார்கள். கியர்ப் பெட்டிக்குள் ஒரு சிறிய பற்சக்கரம் வெடித்துச் சிதறியிருந்தது. அதற்கு முன்னே பெட்டிக்குள் உலோகத் துகள் உதிர்கிறது என்று எச்சரிக்கை ஒன்றன் பின் ஒன்றாக வந்திருக்கிறது. பைலட் உடனே இறங்காமல் தொடர்ந்து பறந்தார். யந்திரம் உடைந்தது ஒரு காரணம், பைலட்டின் முடிவு இன்னொரு காரணம் என்று 2024 ஆகஸ்டில் வந்த அறிக்கை சொன்னது.

பைலட்டின் முடிவில் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அருகே இறங்க இடம் இருந்தது. இறங்கியிருந்தால் எட்டு உயிர் மிஞ்சியிருக்கலாம். ஆனால் சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறேன். மூன்றாவது எச்சரிக்கை வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கைப்புத்தகத்தில் எழுதியிருந்தது? 'செளகரியப்பட்டவுடன் இறங்கு' என்ற பொருள்படும் வார்த்தை. 'முடிந்தவுடன் இறங்கு' என்பது வேறு வார்த்தை; அது அதைவிடக் கடுமையான எச்சரிக்கைக்கு ஒதுக்கப்பட்டது. செளகரியம் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை எழுதினவர் பைலட்டின் தலையில் வைத்து விட்டார். அதே சமயத்தில் அந்தப் பற்சக்கரம் எவ்வளவு அபாயமாக உடையக் கூடும் என்ற தகவல் திட்ட அலுவலகத்திலிருந்து பறக்கிறவர்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்றும் அந்த அறிக்கையே சொல்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் மெல்லிய சொல்லைப் போட்டார்கள். விஷயம் தெரியாதவர்கள் அதை மெல்லியதாகவே படித்தார்கள். படித்தவர்கள் மேல் மாத்திரம் எப்படிக் கோபித்துக் கொள்வது?

மறுபக்கத்து வாதத்தையும் சொல்லாமல் விட்டால் விமரிசனம் ஆகாது. பறந்த மணி நேரத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஆஸ்ப்ரேயின் விபத்து விகிதம் மற்ற ராணுவ விமானங்களிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்று மரீன் படை சொல்லி வந்திருக்கிறது. யுத்தத்துக்குச் செய்த யந்திரத்தைப் பிரயாணி விமானத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பதும் சரியே. ஒகினாவாவில் 2012-ல் இந்த விமானம் வருவதற்கு முன்னே பெருங்கூட்டம் கூடி எதிர்த்தது. ஊருக்கு நடுவே இருக்கிற புட்டென்மா தளத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு விகிதக் கணக்கு ஆறுதல் தராது என்பது ஒரு புறம் இருக்கட்டும். 2025 டிசம்பரில் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, 2023, 2024 ஆகிய வருஷங்களில் கடுமையான விபத்துகளின் விகிதம் அதற்கு முந்தைய வருஷங்களின் சராசரியைத் தாண்டி விட்டதாகச் சொல்கிறது. ஆனால் விகிதம் கூடினாலும் குறைந்தாலும் என் வழக்கு மாறாது. 1992 முதல் கணக்குப் பார்த்தால் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். புதிய காரியம் ஆளைக் காவு கேட்கும் என்பது பழைய அநுபவம். தெரிந்த நோய்க்கு மருந்து கொடுக்காமல் பன்னிரண்டு வருஷம் வைத்திருப்பதைப் புதுமையின் கணக்கில் எழுத முடியாது.

இந்தக் கருவை இன்னொரு கை எழுதிப் பார்க்கிறது. அதே பெல் கம்பெனி செய்த வி-280 என்ற விமானம் 2017 டிசம்பரில் பறந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை அதைத் தேர்ந்தெடுத்தது. அதில் எஞ்சின் சாய்வதில்லை, கிடந்தபடியே கிடக்கிறது. சுழலி மாத்திரம் சாய்கிறது. எஞ்சினின் சூடான மூச்சு தரையை நோக்கிப் பாயாது. இறங்கும்போது பக்கத்துக் கதவு வழியே வீரர்கள் வெளியேறலாம். நல்ல ஆசிரியர் முதல் பதிப்பின் பிழைகளைப் படித்துவிட்டு இரண்டாம் பதிப்பை எழுதுவது போல் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் முதல் பதிப்பின் பிழைப் பட்டியலை ஒளிக்காமல் அச்சிட்டிருந்தால்தானே இரண்டாம் பதிப்புத் திருந்தும்? கியர்ப் பெட்டியைப் பற்றித் தெரிந்ததைப் பறக்கிறவனிடம் சொல்லுகிற பழக்கம் வந்து விட்டதா என்பதுதான் கேள்வி. யாகுஷிமாவுக்குப் பிறகு மூன்று மாதம் எல்லா ஆஸ்ப்ரேக்களையும் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி பறக்க விட்டபோது, இறங்கக் கூடிய தளத்திலிருந்து முப்பது நிமிஷ தூரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். ஓடுபாதை இல்லாத தொலை தேசத்துக்குப் போவதற்கென்றே பிறந்த விமானத்துக்கு இந்தக் கட்டளை! 2024 டிசம்பரில் இன்னொரு பற்சக்கரம் பழுதானதன் பேரில் மறுபடியும் சில நாள் நிறுத்தினார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். ஆஸ்ப்ரே இரண்டும் கெட்டான் அல்ல. பெரிய ஆசையோடு எழுதப்பட்டு, பாதிக்கு மேல் பலித்த ஒரு சிருஷ்டி. எண்டெபேக்குப் போய்ச் சேர்ந்த நால்வர் அதற்குச் சாட்சி. அதன் யந்திரப் பிழைகளை மன்னிக்கலாம். பெரிய முயற்சிகள் பிழையோடுதான் பிறக்கும். எழுதாமல் விட்ட பக்கங்களின் பழியை, எழுதத் தெரியாத பாத்திரங்களின் மேல் சுமத்தியதை மாத்திரம் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த தரம் இந்த ஜாதி விமானம் ஒன்று விழுந்தால் - விழாமலிருக்கட்டும் - விசாரணை அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எத்தனை சோதனை வகுத்தார்கள், எத்தனை நடத்தினார்கள், கைப்புத்தகத்தில் எந்த வார்த்தையைப் போட்டார்கள் என்று பாருங்கள். பைலட்டின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.